தகர விசிலா, ஐரிஷ் புல்லாங்குழலா? சுங்கை சிப்புட்டில் வாங்கி ஊதுபவர்களுக்கு

மூங்கில் குழலில் ஏற்கெனவே ஒலி எடுக்கத் தெரிந்தவர் விசிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நேராகப் பாலிமரில் (கெட்டிப் பிளாஸ்டிக்கில்) செய்த ஐரிஷ் புல்லாங்குழலுக்குப் போகலாம். உதட்டால் ஊதிப் பழக்கமே இல்லாதவர், தமிழ்ப்பள்ளியில் ரெக்கார்டர் ஊதியதோடு விட்டுவிட்டவர், தலைப்பகுதி நகரும் 'டி' விசிலில் தொடங்கட்டும். இணையக் கடைகளில் பூணும் பளபளப்புமாகக் கண்ணைப் பறிக்கும் மலிவு மரப் புல்லாங்குழல் பக்கம் இருவருமே போக வேண்டாம். பிற்பகல் வெக்கையும் மாலை மழையும் மாறி மாறி வரும் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், கோயில் பஜனைக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் ஊத நினைப்பவர்களுக்கு இதுதான் எங்கள் தீர்ப்பு. கடைப் பக்கங்களில் உள்ள விளக்கமெல்லாம் அயர்லாந்து நடனப் பாட்டு வாசிப்பவரை மனத்தில் வைத்து எழுதியவை. ஹார்மோனியமும் சுருதிப் பெட்டியும் வைத்திருப்பவருக்கு வேண்டிய தகவல் அவற்றில் கிடைக்காது.

இரண்டுக்கும் விரல் வைக்கும் முறை ஒன்றுதான். ஆறு துளை, பின்பக்கம் கட்டைவிரல் துளை கிடையாது. ஆறையும் மூடினால் 'டி'. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, எல்லாம் திறந்தால் சி ஷார்ப். விசில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், புல்லாங்குழல் அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் விசிலின் அடி 'டி' 587 ஹெர்ட்ஸ், புல்லாங்குழலின் அடி 'டி' சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 294 ஹெர்ட்ஸ். விசிலில் காற்று போகும் சந்தும் அது மோதும் விளிம்பும் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டன, ஊதினால் சத்தம் வந்துவிடும். புல்லாங்குழலில் அந்தச் சந்தை உங்கள் உதடுதான் செய்ய வேண்டும். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஐரிஷ் புல்லாங்குழல் பிறந்தது அயர்லாந்தில் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் போன்ற ஊர்களில் கச்சேரி வாசிப்புக்குச் செய்த மரக் குழல்களே அவை. தியோபால்ட் போம் 1847இல் நேர்க்குழாயும், துளைகளை மூடித் திறக்கும் சாவிப் பொறியுமாகப் புது வடிவம் கொண்டுவந்த பிறகு பழையவை கைமாறி நாட்டுப்புற வாசிப்பாளர்களிடம் வந்து சேர்ந்தன. தகர விசிலைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் இங்கிலாந்தின் ராபர்ட் கிளார்க், ஆண்டு 1843. அவர் பெயரிலேயே அது இன்றும் விற்கிறது.

இனி நம் ஆட்களுக்கு வேண்டிய விஷயம்: கட்டை, அதாவது ச நிற்கும் சுருதி.

'டி' என்றால் 2 கட்டை. ஆறு துளையும் மூடிய இடத்தை ச என்று வைத்தால், மாற்று விரல் எதுவும் இல்லாமல் சங்கராபரணம் வரிசையாக வந்துவிடும். மோகனத்துக்கு அதில் நான்காவதையும் ஏழாவதையும் தாண்டினால் போதும். ஆண்கள் பாடும் பல பஜனைக் குழுக்களுக்கு 2 கட்டை ஒத்துவரும். ஆனால் அடி ஸ்வரமே ச ஆகிவிடுவதால் அதற்குக் கீழே இறங்க இடமில்லை. கீழ் நி, கீழ் த தொடும் பாட்டென்றால் வாய் மூடி நிற்க வேண்டியதுதான்.

அதைவிட நல்ல வழி, மேல் மூன்று துளை மூடிய 'ஜி'யை ச ஆக்குவது. அப்போது சுருதி 5 கட்டை, பெண்கள் பாடும் சுருதிக்குப் பொருந்தும். கீழே மந்திர ப வரை இடமும் கிடைக்கும். இந்த நிலையில் நேர் விரலில் கிடைப்பது கல்யாணி, ஏனென்றால் சி ஷார்ப் பிரதி மத்திமமாக விழுகிறது. சுத்த மத்திமம் வேண்டுமானால் மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மட்டும் மூட வேண்டும். நல்ல விசிலில் அது சுத்தமாக ஒலிக்கும், சுமாரான விசிலில் கொஞ்சம் ஏறியே நிற்கும். மத்திமமே இல்லாத ஹம்சத்வனிக்கும் மோகனத்துக்கும் அந்தத் தொல்லையும் இல்லை. அதே குழலில் ஈயை ச ஆக்கினால் கரகரப்பிரியா, ஏயை ஆக்கினால் ஹரிகாம்போஜி, பியை ஆக்கினால் நடபைரவி. கிரகபேதம், அதாவது ச-வின் இடத்தை மாற்றி வேறு ராகம் எடுப்பது, படித்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. படிக்காதவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து ஊதிப் பார்த்தால் காதுக்கே பிடிபடும்.

கர்நாடக மூங்கில் குழல் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மேல் இரண்டு துளை மூடியது ச. அந்தப் பழக்கத்திலேயே ஐரிஷ் குழலைப் பிடித்தால் சுருதி 6 கட்டைக்குப் போய்விடும், கீழே கைக்குக் கிடைத்துவந்த ஏழாவது விரல் துளையும் இங்கே கிடையாது.

அடுத்தது இரண்டு கருவிக்கும் பொதுவான குறை. நம் ஊரில் பாலபாடம் தொடங்குவது மாயாமாளவகௌளையில். அதன் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் இந்தக் குழல்களில் நேர் விரலில் இல்லை, பாதித் துளை மூடித்தான் எடுக்க வேண்டும். 2 கட்டையில் ச வைத்தால் சுத்த ரிஷபம் கடைசித் துளையின் பாதியில் கிடக்கிறது. அதை மூடுவது வலது மோதிர விரல், கையிலேயே சொன்னபடி கேட்காத விரல். விசிலில் துளை சிறியது, தகடு மெல்லியது, அதனால் விரல் மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் எங்கோ போய்விடும். புல்லாங்குழலில் துளை பெரியது, சுவர் தடிப்பு, அதோடு உதட்டைச் சற்று உள்ளே உருட்டி ஸ்வரத்தை இறக்கவும் முடியும், ஆகவே பாதித் துளை அங்கே கைக்கு அடங்கும். சரளி வரிசையிலிருந்து முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்பதுதான் நோக்கம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு எட்டுத் துளை மூங்கில் குழலையே வாங்குங்கள். ஐரிஷ் குழல் அதற்கான பொருள் அல்ல.

விசில் வகைகளுக்கு வருவோம். ஜெனரேஷன், ஃபெடோக், வால்டன்ஸ் மூன்றும் ஒரே மாதிரிக் கட்டமைப்பு: மெல்லிய உலோகக் குழாய், பிளாஸ்டிக் தலை. விலை குறைவு, ஒலி துள்ளலானது, ஆனால் ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் அமைவது உண்டு. காரணம் தலையில்தான் இருக்கிறது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில், காற்றை வெட்டும் விளிம்பில் மீசை போலப் பிசிர் நிற்கும். சந்தின் தரைக்கு அடியில், சன்னலை (விளிம்புக்கு முன்னே உள்ள திறப்பை) ஒட்டி ஒரு வெற்றிடமும் இருக்கும். பிசிர் இருந்தால் கரகரப்பு, வெற்றிடத்தால் மேல் ஸ்தாயியில் தடுமாற்றம். பிசிரைப் பல்குச்சி முனையால் தள்ளி எடுக்கலாம், விளிம்பைச் சுரண்டக் கூடாது. வெற்றிடத்தைச் சுவரில் தாள் ஒட்டும் ப்ளூடேக் பசையால் தரை மட்டத்துக்கு நிரப்பினால் மேல் ஜி, ஏ இரண்டும் அடங்கி நிற்கும். பசை சன்னலுக்குள் துருத்தினால் எல்லாம் கெட்டுவிடும், ஆகவே தீக்குச்சியின் பின்முனையால் மெதுவாக அழுத்திச் சமப்படுத்துங்கள்.

ஜெனரேஷன் வகை விசில்கள் பல கட்டைகளில் கிடைப்பது ஒரு வசதி: பி ஃப்ளாட் 6½ கட்டை, சி 1 கட்டை, டி 2, ஈ ஃப்ளாட் 2½, எஃப் 4, ஜி 5. ஐந்தரைக் கட்டையில் பாடும் குழுவுக்கு ஈ ஃப்ளாட் விசிலில் மேல் மூன்று துளை மூடிய இடத்தை ச ஆக்கினால் பொருந்தும்.

கிளார்க்கின் பழைய மாடல் தகரத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, வாயில் மரக்கட்டை அடைத்தது. மூச்சுச் சத்தம் கலந்த அந்த ஒலிக்கு ரசிகர்கள் உண்டு, எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஈரக் காற்றில் மரக்கட்டை ஊறும், பெயின்ட் உரிந்த இடத்தில் தகரம் துருப்பிடிக்கும், தலை நகராததால் சுருதி சேர்க்க வழியில்லை. இதே கூம்புக் குழாயில் பிளாஸ்டிக் வாய் வைத்த ஸ்வீட்டோன் மாடல் சிறுவர்களுக்கு ஏற்றது, குறைந்த காற்றிலேயே பேசும். பித்தளை விசில் கருக்கும், விரலில் வாடை ஒட்டும், ஊதி முடித்ததும் துடைத்து வைத்தால் போதும்.

இந்த ஊருக்கு எங்கள் தேர்வு டோனி டிக்சனின் தலை நகரும் பாலிமர் விசில். துருவும் இல்லை, கருப்பும் இல்லை, ஒலி மென்மை, வரிசை வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். சுசாட்டோவும் பிளாஸ்டிக்தான், ஆனால் சத்தம் பெரிது. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று ஊத வேண்டும் என்றால் மட்டும் அதைப் பாருங்கள்.

தலை நகர வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? வெப்பம்தான். குழலுக்குள் காற்று ஒரு பாகை சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. 20 பாகையில் சேர்த்த விசிலை 32 பாகைப் பிற்பகலில் ஊதினால் கணக்குப்படி 36 சென்ட் வரை ஏறலாம். மூச்சுச் சூடு இரண்டு இடத்திலும் உண்டு என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனாலும் சுருதிப் பெட்டியோடு உரசுவது காதில் நன்றாகவே விழும். பெட்டி மின்னணுப் பொருள், வெயிலுக்கு அசையாது. ஆகவே விசில்தான் இறங்கி வர வேண்டும். தலையை 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் அடி 'டி' சுமார் 12 சென்ட் இறங்கும், எல்லாம் திறந்த சி ஷார்ப் சுமார் 22 இறங்கும். மேல் ஸ்வரங்கள் கூடுதலாக இறங்குவதால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தால் குழல் தனக்குள்ளேயே சுருதி பிசகும். நடு 'ஜி'யை வைத்துச் சேருங்கள். மலிவு விசிலில் தலை பசை போட்டு ஒட்டியிருக்கும். கொதிக்காத சுடுநீரில் தலைப்பகுதியை மட்டும் அரை நிமிடம் வைத்து, துணியால் பிடித்துத் திருகினால் பசை விடும்.

பத்து நிமிடம் ஊதியதும் சத்தம் அடைத்துக்கொள்வது அடுத்த புகார். சூடான மூச்சு குளிர்ந்த சந்தில் பட்டு நீர்த்துளியாகிறது. வெயில் நேரத்தில் திறந்த மண்டபத்தில் இது குறைவு, ஏர்கோன் அறையில் அதிகம். ஊதுவதற்கு முன் தலையைக் கைக்குள் பொத்திச் சூடாக்குங்கள். அடைத்தால் சன்னலை விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதுங்கள். வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு நீரில் கலந்து சந்து வழியே ஓடவிட்டு உலர்த்தினால் துளி திரளாமல் படலமாக வழிந்துவிடும்.

விசிலில் தொடங்குபவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே: அடி 'டி' கீச்சென்று மேலே தாவுகிறது, உடனே விசில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பலமாக ஊதியிருப்பார்கள், இல்லையேல் ஏதோ ஒரு துளை கசிந்திருக்கும். விரல் நுனியால் குத்தாமல் சதைப்பகுதியால் தட்டையாக மூடுங்கள். விரலை எடுத்துப் பார்த்தால் துளையின் வட்டத் தடம் சதையில் முழுசாகத் தெரிய வேண்டும், ஒரு பக்கம் பிறையாக அறுந்திருந்தால் அங்கேதான் கசிவு. பி, ஏ, ஜி மூன்றையும் முதலில் உறுதிப்படுத்திவிட்டு ஒவ்வொரு விரலாகக் கீழே இறங்குங்கள்.

புல்லாங்குழலில் முதல் வேலை விரல் அல்ல. தலைத்துண்டை மட்டும் கழற்றி எடுத்து, கீழ் உதடு ஊதும் துளையில் மூன்றில் ஒரு பங்கை மூடும்படி வைத்து, எதிர் விளிம்பைப் பார்த்து மெல்லிய கீற்றாக ஊத வேண்டும். நீளமாக, நடுங்காமல் ஒலி நிற்கும் வரை உடலை மாட்டாதீர்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், பாதிக் காற்று வீணாகும் காலத்தில் அது சகஜம். மூங்கில் குழல்காரருக்கு இந்தக் கட்டமே இல்லை என்பதால்தான் அவர் விசிலைத் தாண்டிப் போகலாம் என்கிறோம். மேல் ஸ்தாயிக்கு விசிலில் காற்றைக் கூட்டினால் போதும். புல்லாங்குழலில் காற்றைக் கூட்டாமல் உதட்டு இடைவெளியைச் சுருக்கி வேகத்தைக் கூட்ட வேண்டும். விசில் எத்தனை வருடம் ஊதினாலும் இந்த உதடு வராது. விசில் கற்றுக்கொடுப்பது விரலை மட்டும்தான்.

நேர்க்குழாயான மூங்கிலில் மேல் ஸ்தாயி சற்று இறங்கி நிற்கும், வாசிப்பவர் உதட்டால் தூக்கிக்கொள்வார். ஐரிஷ் குழலின் உடல் அடிநோக்கிக் குறுகுவதால் இரண்டு ஸ்தாயியும் தாமாகவே ஓரளவு ஒத்துப்போகின்றன. மூங்கிலிலிருந்து வருபவர் பழைய பழக்கத்தில் மேலே தூக்கி ஊதி, சுருதி ஏறிவிட்டது என்று குழலைக் குறை சொல்வது உண்டு. விரல் விரிப்பும் கூடுதல், வலது கை மூன்று துளையும் தள்ளித் தள்ளி இருக்கும். சின்னக் கைக்கு நுனியை விட்டுவிட்டு நடுக்கணுவால் மூடும் பிடி உதவும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரும் கருவி அல்ல இது.

மரமா, பாலிமரா? ஐரோப்பாவில் ஆப்பிரிக்கக் கருமரம், பாக்ஸ்வுட் என்று ரசித்துப் பேசுவார்கள், அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. இங்கே நிலைமை வேறு. எண்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் இணைப்பு முனை ஊதி, துண்டு கழலாமல் மாட்டிக்கொள்ளும். அதே குழல் ஏர்கோன் அறையில் ஒரு வாரம் கிடந்தால் மரம் சுருங்கும், உள்ளே சுருங்காத உலோகக் குழாய் இருப்பதால் தலைத்துண்டு வெடிக்கும். வெல்வெட் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தேய்த்து, துடைத்து, சிலிக்கா பொட்டலம் மாற்றிப் பராமரிக்கும் பொறுமை இருந்தால் மரம் வாங்குங்கள். இல்லையென்றால் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், இல்லை டிக்சனின் மூன்று துண்டாகக் கழலும் பாலிமர் குழல். டெல்ரினில் கடைந்த சாவியில்லாக் குழலின் ஒலியைக் கண்ணை மூடிக் கேட்டால் மரம் என்றே பலர் நினைப்பார்கள். சாவி வைத்த குழல் விலை பல மடங்கு ஏறும், இங்கே பழுது பார்க்க ஆள் தேடுவதும் கஷ்டம். இரண்டில் எதையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

மலிவு மரக் குழல்களில் கெட்டிருப்பது துளையின் இடமும் உட்குழாயின் வடிவும். அதைத் தேய்த்தோ பசை வைத்தோ சரிசெய்ய முடியாது. அடி ஸ்தாயி ஒரு சுருதி, மேல் ஸ்தாயி இன்னொரு சுருதி என்று நிற்கும். கற்பவர் தன் உதடுதான் சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். சாவிகள் நிறைய இருந்து விலை குறைவாகவும் இருந்தால் அதுவே எச்சரிக்கை.

கோயிலில் எது கேட்கும் என்றால், விசில்தான். அதன் மேல் ஸ்தாயி 2,000 ஹெர்ட்ஸ் வரை போவதால் தபேலா, ஜால்ரா, கைத்தட்டல் எல்லாவற்றையும் துளைத்து வெளியே வரும். ஆண் குரலுக்கு இரண்டு ஸ்தாயி மேலே நிற்பதால் சில நேரம் உறுத்தலாகவும் இருக்கும். புல்லாங்குழல் குரலோடு கலக்கும், ஆனால் மைக் இல்லாமல் காணாமல் போகும். மைக்கை ஊதும் துளைக்கு நேராக வைத்தால் புஸ் புஸ் என்று காற்றுதான் கேட்கும், ஒரு சாண் தள்ளிச் சற்று மேலே வையுங்கள். விசிலுக்கு மைக் அடிமுனையில் வேண்டாம், சன்னலுக்குப் பக்கவாட்டில்.

இடைவழியாக 'லோ டி' விசிலைச் சிலர் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் பெர்னார்ட் ஓவர்ட்டன் உருவாக்கியது, புல்லாங்குழலின் சுருதி, விசிலின் வாய். உதடு வேண்டாம், ஆனால் விரிப்பும் மூச்சும் புல்லாங்குழல் அளவுக்கே வேண்டும். உதட்டால் ஊதவே முடியாதவருக்கு மட்டும் பரிந்துரைப்போம்.

வாங்குவது பெரும்பாலும் இணையத்தில்தான். சாதாரண விசில் அனுப்பும் செலவோடு நூறு ரிங்கிட்டைச் சுற்றி, தலை நகரும் பாலிமர் விசில் இருநூறைச் சுற்றி, பாலிமர் புல்லாங்குழல் ஆயிரத்தை ஒட்டி, கைவினைஞர் கடைந்த டெல்ரின் அதற்கும் மேல். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, பல தளங்களில் அது விலையோடு சேர்ந்தே வரும். அதைத் தாண்டினால் சுங்கத்துறை தனியே கணக்குப் போடும். பட்டியலில் 'ஐரிஷ் ப்ளூட்' என்று போட்டு விசிலை விற்பவர்கள் உண்டு. படத்தில் முனை அலகு போலச் சீவியிருந்தால் அது விசில். நீளத்தையும் கேளுங்கள், 33 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் 'டி' அல்ல, 'சி'யாக இருக்கும்.

பார்சல் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். விசிலென்றால் சன்னல் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சுருதி காட்டும் செயலியில் அடி 'டி', நடு 'ஜி', மேல் 'டி' மூன்றையும் ஊதிப் பாருங்கள். அடிக்கும் மேலுக்கும் இருபது சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து காட்டினால் திருப்பி அனுப்பலாம். புல்லாங்குழலென்றால் உடலை மட்டும் எடுத்து, ஆறு துளையையும் மூடி, அடிமுனையை யாராவது உள்ளங்கையால் அடைக்க, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். நிற்காமல் நழுவினால் இணைப்பில் நூல் சுற்று போதவில்லை. மெழுகு தடவிய நூலை இரண்டு சுற்று கூட்டிவிட்டு மறுபடி உறிஞ்சிப் பாருங்கள்.